யாருக்குக் கல் நடுவது? – ஒரு ஊர் தன் வீரனை முடிவு பண்ற கதை

 

இந்த வாரப் பதிவு கொஞ்சம் நீளம். பஸ்ல போறப்பவோ, ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடியோ பொறுமையா படிங்க. பாடத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு தப்பை ஒத்துக்கணும். வேற யார் தப்பும் இல்ல, என் தப்புதான்.

*நான் போட்ட போஸ்டர்*

எங்க ஊர் செங்கம் பக்கம். போன ஐப்பசி மழையில ஏரி நிரம்பி கோடி போச்சு. ரொம்ப வருஷம் கழிச்சு கோடி போறதால ஊரே வேடிக்கை பார்க்கப் போயிருந்துச்சு. அப்போ ஒரு ஆறு வயசுப் பையன் கோடிக்கரையில வழுக்கி தண்ணியில விழுந்துட்டான். நான் அங்க இல்ல, வீட்ல இருந்தேன். எனக்கு வந்தது ஒரு போட்டோ மட்டும்தான்.

எங்க தெருவுல காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தன், சொட்டச் சொட்ட நனைஞ்சு, அந்தப் பையனைத் தோள்ல போட்டுக்கிட்டு ஓடி வர்றான். அவ்வளவுதான் போட்டோ. பார்த்ததும் எனக்குப் புல்லரிச்சுப் போச்சு. பத்தே நிமிஷத்துல போஸ்டர் பண்ணிட்டேன். பின்னாடி நெருப்பு, மேல பெரிய எழுத்துல "எங்கள் ஊரின் உண்மையான ஹீரோ", கீழ ஓரத்துல சின்னதா "வடிவமைப்பு" போட்டு என் பேரு. மூணு குரூப்ல போட்டேன். சாயங்காலத்துக்குள்ள ஊர்ல பாதிப் பேர் ஸ்டேட்டஸ்ல அதுதான். ஞாயித்துக்கிழமை அவனைக் கூப்பிட்டு சால்வையே போட்டாங்க.

ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தம்பி என் வீட்டுக்கு வந்தான். முகமே சரியில்ல.

"அண்ணா, அந்தப் போஸ்டரை எடுத்துடுண்ணா."

"ஏன்டா, நல்லாதானே இருக்கு?"

"நான் தண்ணியில இறங்கவே இல்லண்ணா."

"நனைஞ்சிருக்கியேடா?"

"மழைண்ணா."

அப்புறம்தான் முழுசா சொன்னான். பையனைத் தண்ணியில இருந்து இழுத்தது, அங்க ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ஆயா. கட்டியிருந்த சேலையை அவுத்து, ஒரு முனையைக் கருவேல மரத்துல கட்டி, மறு முனையைக் கையில சுத்திக்கிட்டு, இடுப்பளவு வெள்ளத்துல இறங்கிப் பையனைப் புடிச்சிருக்காங்க. கரையேறினதும் இவன் கையில கொடுத்து, "ஓடுடா, ஆஸ்பத்திரிக்கு ஓடு"ன்னு சொல்லியிருக்காங்க. இவன் ஓடினான். ஓடி வந்த பக்கத்துல ஒருத்தர் போனோட நின்னார். ஆயா ஏன் போட்டோவுல இல்ல தெரியுமா? சேலை வெள்ளத்துல போயிடுச்சு. பாவாடை ரவிக்கையோட கூட்டத்துக்கு முன்னாடி வர முடியாம, கரைக்கு அந்தப் பக்கம் புதர் மறைவுல உட்கார்ந்திருந்தாங்க.

"அப்போ சால்வையை ஏன்டா வாங்கிக்கிட்ட?"

"நான் எதுவும் பண்ணலன்னு மைக்லயே சொன்னேண்ணா. தன்னடக்கம்னு கை தட்டிட்டாங்க."

அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்தத் தம்பி பொய் சொல்லல, ஆயா எதையும் மறைக்கல. ஊரும் கெட்ட எண்ணத்தோட செய்யல. ஆனாலும் தப்பான ஆளுக்கு சால்வை போயிடுச்சு. இது எப்படி நடக்குது? யாரு வீரன்னு உண்மையில யார் முடிவு பண்றாங்க?

இதுக்குப் பதில் தேடினப்போ, அது எங்க ஊர் எல்லையிலயே நின்னுக்கிட்டு இருந்தது. ஒரு கல்லா.

*வேடியப்பன் சொல்ற கதை*

திருவண்ணாமலை, தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்து நண்பர்களுக்கு வேடியப்பன் கோயில் தெரிஞ்சிருக்கும். பல ஊர்ல அது ஒரு பலகைக் கல்தான். கையில வில்லோ கத்தியோ வச்சுக்கிட்டு ஒரு ஆள் நிக்கிற மாதிரி செதுக்கியிருக்கும். சிலதுல உடம்புல அம்பு தைச்சிருக்கும். மஞ்சள் பூசி, குங்குமம் வச்சு, பொங்கல் வச்சுக் கும்பிடுவோம். சின்ன வயசுல நானும் அதை ஏதோ காட்டுச் சாமின்னுதான் நெனச்சேன்.

அதுல பல கற்கள் நடுகற்கள். ஊருக்காக உயிர் விட்ட ஒரு மனுஷனுக்கு ஊரே நட்ட கல். செங்கம் வட்டாரத்துல கிடைச்ச இந்தக் கற்களை எல்லாம் படிச்சு, தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல "செங்கம் நடுகற்கள்"னு ஒரு நூலாவே போட்டிருக்கு. நாகசாமி ஐயா பதிப்பிச்சது. பழைய வட்டெழுத்துல, ரெண்டு மூணு வரியில ஒரு முழு வாழ்க்கை இருக்கும்.

அந்த வரிகளோட அமைப்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி. எந்த அரசனோட எத்தனாவது ஆட்சியாண்டு, அந்தப் பகுதியை ஆண்ட தலைவன் யாரு, செத்தவன் யாரோட ஆளு, அவன் பேரு என்ன, எதுக்காகச் செத்தான். கடைசியில "பட்டான்". அதாவது விழுந்தான், உயிர் விட்டான். பெரும்பாலும் காரணம் "தொறு". தொறுன்னா மாட்டு மந்தை. மந்தையை ஓட்டிட்டுப் போக வந்தவங்களோட சண்டை போட்டு மீட்டப்போ செத்திருப்பான்.

இதுல ஒண்ணு கவனிச்சீங்களா? கல்லுல முதல் வரியில ராஜா பேரு இருக்கும். ஆனா கல்லு ராஜாவுக்கு இல்ல. ராஜா அங்க ஒரு காலண்டர் மாதிரி, எந்த வருஷம்னு சொல்ல மட்டும்தான். கல்லு, மாடு மீட்கப் போன ஒரு சாதாரண ஆளுக்கு. 1,400 வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஊர் உட்கார்ந்து, "இவனை மறக்கக் கூடாது"ன்னு முடிவு பண்ணியிருக்கு.

இந்த வழக்கம் இன்னும் பழசு. தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில 2006-ல கண்டுபிடிச்ச நடுகற்கள்ல தமிழ் பிராமி எழுத்து இருக்கு. அதுல ஒண்ணு "ஆகோள்" பத்திப் பேசுது. ஆகோள்னா மாடு கவர்தல். சங்க இலக்கியத்துல வர்ற அதே சொல் கல்லுலயும் இருக்கு. அகநானூறு, புறநானூற்றுல வர்ற நடுகற்களைப் பார்த்தா, பேரெழுதி, மயில் பீலி சூட்டி, கள் படைச்சுக் கும்பிட்டிருக்காங்க. மாங்குடி கிழார் பாடின புறநானூற்றுப் பாட்டு ஒண்ணு (335), பகைவரைத் தடுத்து நின்னு யானையையும் வீழ்த்திச் செத்தவனோட கல்லைத் தவிர, நெல் தூவிக் கும்பிட எங்களுக்கு வேற கடவுளே இல்லங்கிற அளவுக்குப் போகுது.

*ஆறு படி*

இப்போ பாடத்தோட முக்கியமான இடம். தொல்காப்பியம் புறத்திணையியல், நடுகல் எடுக்குறதுக்கு ஆறு நிலை சொல்லுது. உரையாசிரியர்கள் சில இடத்துல வேற வேற மாதிரி விளக்கம் சொன்னாலும், மொத்தத்துல இப்படி:

1. காட்சி – தகுந்த கல்லைத் தேடிப் பார்த்துத் தேர்ந்தெடுக்குறது.
2. கால்கோள் – நல்ல நேரம் பார்த்து வேலையைத் தொடங்கி, கல்லை எடுக்குறது.
3. நீர்ப்படை – கல்லை நீராட்டுறது.
4. நடுகல் – பேரும் புகழும் பொறிச்சு நடுறது.
5. பெரும்படை – படையல் வச்சுப் பெரிய சிறப்புச் செய்யுறது.
6. வாழ்த்து – வாழ்த்திப் பாடுறது.

இந்த ஆறையும் இன்னொரு தரம் படிங்க. ஆறுல ஒண்ணாவது அந்த வீரன் செய்யுறதா? இல்ல! அவன் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டுப் போயிட்டான். அதுக்கப்புறம் நடக்குற ஆறும் உயிரோட இருக்குறவங்க செய்யுறது. ஒருத்தர் பார்த்திருக்கணும், பார்த்ததைச் சொல்லணும். ஒருத்தர் கல் தேடணும், ஒருத்தர் செதுக்கணும். அப்புறம் வருஷா வருஷம் யாராவது வந்து படைக்கணும். இதுல எந்தக் கண்ணி அறுந்தாலும் வீரம் நடந்திருக்கும், வீரன் இருக்க மாட்டான்.

வீரம் செய்யுறவனோடது. "வீரன்"ங்கிற பேரு, பார்த்தவங்க கொடுக்குறது. இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் எல்லாத் தப்பும் நடக்குது. நான் செஞ்ச தப்பும் அங்கதான். காட்சிங்கிற முதல் படியிலயே சறுக்கினேன். நான் பார்க்காத ஒண்ணுக்குக் கல் நட்டுட்டேன்.

*நாய்க்கும் சேவலுக்கும்*

பழைய ஊர்க்காரங்க எவ்வளவு நேர்மையா பார்த்திருக்காங்கன்னு சொல்ல ரெண்டு கல் போதும்.

முதல் கல், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூர்ல இருக்கு. மகேந்திரவர்ம பல்லவனோட 34-ஆவது ஆட்சியாண்டு, அதாவது 7-ஆம் நூற்றாண்டு. கருந்தேவகத்திங்கிற ஒருத்தன் எருமை மந்தையைக் காக்குறப்போ செத்துப் போனான். அவன் உருவத்தைச் செதுக்கினவங்க, பக்கத்துல ஒரு நாயையும் செதுக்கினாங்க. அதோட நிக்கல. அந்த நாயோட பேரு கோவிவன், அது ரெண்டு கள்ளனைக் கடிச்சுக் காவல் இருந்துச்சுன்னு எழுதியும் வச்சாங்க.

யோசிச்சுப் பாருங்க. உளி வச்சுக் கல்லுல ஒவ்வொரு எழுத்தா வெட்டணும். ஒரு எழுத்து கூடினாலும் வேலை கூடும். அந்தக் கஷ்டத்துலயும், "நாயும் சண்டை போட்டுச்சு, அதை விடக் கூடாது"ன்னு ஒருத்தர் சொல்லியிருக்கார். கருந்தேவகத்தியோட பெருமை அதனால குறையல. இன்னைக்கு நாம அந்தக் கல்லைப் பத்திப் பேசுறதுக்கே அந்த நாய்தான் காரணம்.

ரெண்டாவது கல், விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்துல இருக்கு. அது ஒரு சேவலுக்கு! சேவல் சண்டையில நின்ன சேவலோட உருவத்தைச் செதுக்கி, அது எந்த ஊர், எந்தச் சேரியோட கோழின்னு எழுதி வச்சிருக்காங்க. சேவற்கொடியோன் பிள்ளைங்க நாம, இந்தக் கல்லை ஒரு தடவையாவது போய்ப் பார்க்கணும். ஒரு சேரி, தன் பேரைச் சொல்ல வச்ச சேவலையும் தன்னில் ஒருத்தனா நெனச்சிருக்கு.

*ஒரு ஊர் கள்ளன், இன்னொரு ஊர் வீரன்*

ஆனா பழசுன்னாலே எல்லாம் சரின்னு நெனச்சுடாதீங்க. கொஞ்சம் கசப்பான பக்கமும் இருக்கு.

வெட்சிப் பூ உங்களுக்குத் தெரியும். முருகனுக்கு உகந்த பூ. சங்க காலத்துல பகைவரோட மாட்டைக் கவரப் போறவங்க சூடினதும் அதே வெட்சிதான். அதை மீட்கப் போறவங்க சூடினது கரந்தை. ரெண்டு பக்கமும் ஆள் செத்தாங்க, ரெண்டு பக்கமும் கல் நட்டாங்க. மாடு கவரப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு, மீட்கப் போய்ச் செத்தவனுக்கும் கல் உண்டு.

அப்போ எடுத்தனூர்ல கோவிவன் கடிச்ச அந்த ரெண்டு "கள்ளன்" யாரு? அவங்க ஊர்ல அவங்க பேரு கள்ளனா இருந்திருக்குமா? அந்த ஊர்ல அவங்களுக்காக யாராவது அழுதிருக்க மாட்டாங்களா? கல்லு எந்த ஊர்ல நிக்குதோ, அந்த ஊர்ப் பார்வையிலதான் பேசும். கல்லு பொய் சொல்லல. ஆனா ஒரு பக்கத்துல நின்னுதான் சொல்லுது.

இன்னைக்கும் இதேதான். ஒரு குரூப்ல ஒருத்தர் ஹீரோ, அடுத்த குரூப்ல அதே ஆள் வில்லன். ஒருத்தரை ஹீரோன்னு யாராவது சொன்னா, "எந்த ஊர்க் கல்லு இது?"ன்னு மனசுக்குள்ள ஒரு கேள்வி கேட்டுக்கோங்க.

*குறவர் கண்ட கண்ணகி*

இந்த ஆறு படியையும் ஒரே கதையா பார்க்கணும்னா சிலப்பதிகாரம் வஞ்சிக் காண்டத்துக்குப் போகணும். காட்சிக் காதை, கால்கோட் காதை, நீர்ப்படைக் காதை, நடுகற் காதை, வாழ்த்துக் காதைன்னு இளங்கோவடிகள் காதைகளுக்கு வச்ச பேரே இந்தப் படிகள்தான். அதுவும் யாருக்கு? வாள் எடுக்காத, படை நடத்தாத ஒரு பொண்ணுக்கு. அரசன் சபையில தனியா நின்னு நியாயம் கேட்ட கண்ணகிக்கு.

கண்ணகி தெய்வம்னு முதல்ல சொன்னது யாருன்னு நெனைக்கிறீங்க? சேரன் செங்குட்டுவன் இல்ல. மலையில வாழ்ந்த குன்றக் குறவர். வேங்கை மர நிழல்ல ஒரு மார்பிழந்து நின்ன அவளையும், அவளை வானோர் அழைச்சுட்டுப் போனதையும் கண்ணால பார்த்தவங்க அவங்க. உடனே அவளைத் தங்கள் தெய்வமா ஏத்துக்கிட்டுக் குரவை ஆடினாங்க. அந்தக் குன்றக்குரவையிலயேதான் முருகனையும் பாடுறாங்க. நம்ம வள்ளியோட சொந்தக்காரங்க, ராஜா வர்ற வரைக்கும் காத்திருக்கல. அதுக்கப்புறம்தான் அவங்க போய் அரசன் கிட்ட சொல்றாங்க.

செங்குட்டுவன் கேட்டதும் நேரா முடிவு பண்ணல. பக்கத்துல இருந்த தன் அரசி வேண்மாள் கிட்ட கேக்குறான்: கணவன் இறந்ததும் கூடவே உயிர் விட்ட பாண்டிமாதேவியா, நியாயம் கேட்டு நம்ம நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியா, ரெண்டு பேர்ல யாரைப் போற்றுறது? அரசி சொல்றா: அந்த அரசி வானத்துல சிறப்பு அடையட்டும், நம்ம நாட்டுக்கு வந்த இந்தப் பத்தினியைத்தான் நாம வழிபடணும்.

பாருங்க, கண்டது குறவர், தீர்ப்புச் சொன்னது ஒரு பெண். அதுக்கப்புறம் என்ன ஆச்சு? கல் எங்க எடுக்குறதுன்னு பேச்சு வந்துச்சு. பொதிய மலையில எடுத்துக் காவிரியில நீராட்டலாம், இல்ல இமயத்துல எடுத்துக் கங்கையில நீராட்டலாம்னு அறிஞர்கள் சொன்னாங்க. பக்கத்துல இருக்குற பொதிய மலைக் கல்லு தன் குலத்து வீரத்துக்குப் பெருமை ஆகாதுன்னு செங்குட்டுவன் இமயத்துக்குக் கிளம்பினான். போற வழியில போர். தமிழரசரை இகழ்ந்து பேசின கனகன், விசயன் தலையிலயே கல்லை ஏத்திக் கொண்டு வந்தான்.

கல்லு கண்ணகிக்கு. ஆனா கல்லு வந்த வழி முழுக்க செங்குட்டுவன் புகழ். இதைப் படிச்சப்போ என் போஸ்டர்தான் ஞாபகம் வந்துச்சு. ஹீரோ போட்டோவுக்குக் கீழ ஓரமா என் பேரு! நாம ஒருத்தரைத் தூக்கிப் பிடிக்கிறப்போ, உண்மையில அவரைத் தூக்குறோமா, அவரைச் சாக்கா வச்சு நம்மளைத் தூக்குறோமா?

இன்னொண்ணும் அந்தக் காப்பியத்துலயே இருக்கு. யாரும் அதிகம் பேச மாட்டாங்க. கோவலன் சாவுக்குக் காரணம் ஒரே ஒரு பொற்கொல்லன். ஆனா கொற்கையில இருந்த வெற்றிவேற் செழியன், கண்ணகிக்காக ஆயிரம் பொற்கொல்லரைப் பலி கொடுத்தான்னு சிலம்பு சொல்லுது. அநியாயத்தைத் தட்டிக் கேட்டவளுக்கு எடுத்த விழாவுல, தப்பே செய்யாத ஆயிரம் பேர்! ஒருத்தரை ஹீரோ ஆக்குற வேகத்துல, ஒரு கூட்டத்தையே வில்லன் ஆக்குற பழக்கம் அன்னைக்கே இருந்திருக்கு. ஃபார்வர்டு பண்றப்போ இதை மறக்காதீங்க.

*கல் இல்லாதவங்க*

ஒரு கல் நடணும்னா என்னென்ன வேணும்? சம்பவம் நடந்தப்போ சாட்சி வேணும். சாட்சி சொன்னா ஊர் கேக்கணும். அப்புறம் கல், உளி, அரிசி, ஆள் எல்லாம் வேணும்.

அதனாலதான் நடுகற்கள்ல சண்டை அதிகம். சண்டை எல்லார் கண்ணுலயும் படும். பிரசவம் பார்க்கப் போன மருத்துவச்சி, கொள்ளை நோய்ல பிணம் தூக்கினவன், பஞ்சத்துல தன் பங்குக் கஞ்சியைப் பிள்ளைக்கு ஊத்திட்டுப் பட்டினி கிடந்த அம்மா, இவங்களுக்கு எல்லாம் கல் எங்க? பொண்ணுங்களுக்குன்னு நட்ட கல்லைத் தேடினாலும், நிறைய இடத்துல கிடைக்கிறது சதிக்கல்தான். புருஷனோட செத்ததுக்கு. வாழ்ந்து செஞ்சதுக்கு இல்ல. வேண்மாள் அன்னைக்குச் சொன்ன தீர்ப்பை நாம பாதியிலயே விட்டுட்டோம்.

எங்க ஆயாவும் இந்த வரிசையிலதான் விடுபட்டுப் போயிருப்பாங்க.

*ஆயாவைப் பார்க்கப் போனேன்*

மறுநாள் காலையில போனேன். ஆயா வேடியப்பன் கல் பக்கத்து வேப்ப மரத்தடியில ஆடுகளை மடக்கிக்கிட்டு இருந்தாங்க. மன்னிப்புக் கேட்டுட்டு, "ஆயா, உன்னை ஒரு போட்டோ எடுத்துப் போடுறேன். நீதான் காப்பாத்துனன்னு எல்லாருக்கும் சொல்றேன்"னேன்.

ஆயா என்னை ஒரு பார்வை பார்த்தாங்க. "போட்டோ இருக்கட்டும் கண்ணு. என் சேலை போச்சே, அதைப் பத்தி எவனாச்சும் கேட்டீங்களா?"

எனக்கு வாய் அடைச்சுப் போச்சு.

"நான் தண்ணியில இருந்த நேரத்துல ஆடு எல்லாம் அடுத்தவன் கொல்லையில பூந்து வேர்க்கடலைய மேஞ்சிடுச்சி. அவன் வந்து ஒரு பேச்சா பேசினான்! புள்ளைய இழுக்கப் போனேன்டான்னு சொன்னேன். அதான் அந்தப் பையன் காப்பாத்தினானே, போன்ல பார்த்தனே, நீ இன்னா கத வுடுறங்குறான்."

நட்புகளே, இந்த இடத்துலதான் எனக்கு உண்மையா உறைச்சது. அதுவரைக்கும் என் போஸ்டர், ஒருத்தருக்குப் போக வேண்டிய பாராட்டை இன்னொருத்தருக்குக் கொடுத்துச்சுன்னு மட்டும்தான் நெனச்சேன். ஆனா அது அதை விட மோசமா ஒண்ணு செஞ்சிருக்கு. உண்மையைச் சொன்ன ஆயாவைப் பொய் சொல்றவங்களா ஆக்கிடுச்சு. தப்பான கல் நட்டா, சரியான ஆளுக்குக் கல் இல்லாம போறதோட முடியாது. அவங்க பேச்சும் செல்லாம போயிடும்.

அன்னைக்கே பழைய போஸ்டரை எடுத்தேன். நெருப்பு இல்லாம, என் பேரு இல்லாம, நடந்ததை நடந்தபடி எழுதி அதே மூணு குரூப்லயும் போட்டேன். அந்தத் தம்பியும் வாய்ஸ் மெசேஜ் போட்டான். பழைய போஸ்டருக்கு வந்த ஹார்ட்டுல பத்துல ஒரு பங்கு கூட இதுக்கு வரல. ஒருத்தர், "விடுப்பா, ரெண்டு பேருமே ஹீரோதான்"னு போட்டார். இல்ல. ஓடினவனும் நல்லவன்தான், அவன் ஓடலைன்னா பையன் பொழைச்சிருக்க மாட்டான். ஆனா யார் எதைச் செஞ்சாங்கன்னு பிரிச்சுச் சொல்லணும். எடுத்தனூர்க் கல்லுல கருந்தேவகத்தி செஞ்சது தனி, கோவிவன் செஞ்சது தனி.

நானும் தம்பியும் காசு போட்டு ஆயாவுக்கு ஒரு சேலை எடுத்தோம். கடலைக்காரர் கிட்ட நேர்ல போய் நடந்ததைச் சொன்னோம். அவர் கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "ஆயாவை வந்து கடலை பிடுங்கிட்டுப் போகச் சொல்லு"ன்னார். தம்பி தன் சால்வையையும் கொண்டு போய் ஆயா கிட்ட நீட்டினான். "இத வச்சி நான் இன்னா பண்றது?"ன்னு கேட்டுட்டு, குளிர்ல நடுங்கிக்கிட்டிருந்த ஆட்டுக்குட்டிக்குப் போத்தி விட்டுட்டாங்க!

*நாம எடுத்துக்க வேண்டியது*

அன்னைக்குக் கல் நட ஊர் கூடணும், நாள் ஆகும். அந்த நாளுக்குள்ள உண்மை வெளிய வந்துடும். இன்னைக்கு நம்ம ஒவ்வொருத்தர் கையிலயும் உளி இருக்கு. பத்து நிமிஷத்துல கல் நட்டுடுறோம். அதனால யாரையாவது ஹீரோன்னு அனுப்புறதுக்கு முன்னாடி இந்த அஞ்சு கேள்வி:

1. நான் கண்ணால பார்த்தேனா? இல்லன்னா, பார்த்தவர் கிட்ட ஒரு வார்த்தையாவது கேட்டேனா?
2. அவர் சரியா என்ன செஞ்சார்? ஒரே வரியில சொல்ல முடியுதா, இல்ல வெறும் நெருப்பும் மியூசிக்கும்தானா?
3. போட்டோவுக்கு வெளிய யார் இருக்காங்க?
4. இது எந்த ஊர்க் கல்லு? எதிர்ப் பக்கத்துல நின்னா இது எப்படித் தெரியும்?
5. இதுல என் பேரு எதுக்கு?

இந்த வாரம் ஒரு சின்ன வேலையும் தர்றேன். உங்க ஊர்ப் பெரியவங்க கிட்ட போய், "நம்ம ஊரைக் காப்பாத்தின ஆளு யாராவது உண்டா? பேரு வெளிய தெரியாத ஆளா சொல்லுங்க"ன்னு கேளுங்க. அவங்க சொல்றதை அப்படியே எழுதி வைங்க. யாரு, எப்போ, என்ன செஞ்சாங்க, யார் பார்த்தாங்க. மூணு வரி போதும், நடுகல்லுக்கே அவ்வளவுதான் இருந்துச்சு. அந்த ஆளு இன்னும் உயிரோட இருந்தா, அவங்களுக்கு ஏதாவது நஷ்டம் ஆச்சான்னு முதல்ல கேளுங்க. சால்வை அப்புறம்.

உங்க ஊர் எல்லையில நடுகல் இருந்தா அதுக்குப் பெயின்ட் அடிக்காதீங்க, கம்பி வச்சுச் சுரண்டாதீங்க, எழுத்து மேல சிமென்ட் பூசாதீங்க. போட்டோ எடுத்து மாவட்டத் தொல்லியல் அலுவலகத்துக்கோ, கிராம நிர்வாக அலுவலர் கிட்டயோ தெரியப்படுத்துங்க. தருமபுரி அரசு அருங்காட்சியகத்துல நடுகற்கள் வச்சிருக்காங்க, அந்தப் பக்கம் போனா நின்னு பாருங்க.

இப்போ எங்க வேடியப்பனைக் கும்பிடுறப்போ எனக்கு அந்த வீரன் மட்டும் தெரியல. அவன் பக்கத்துல, கல்லுல இல்லாத ஒருத்தரும் நிக்கிறார். அவன் விழுந்ததைப் பார்த்துட்டு, மூச்சு வாங்க ஊருக்கு ஓடி வந்து, கூட்டாம குறைக்காம நடந்ததைச் சொன்ன ஆள். அந்த ஆள் ஒழுங்கா சொன்னதாலதான் இன்னைக்கு நாம கும்பிடுறோம்.

எல்லாராலயும் வெள்ளத்துல இறங்க முடியாது. ஆனா பார்த்ததைப் பார்த்தபடி சொல்ற ஆளா இருக்க நம்மளால முடியும். அதுக்கு வேலவன் துணை நிக்கட்டும்.

உங்க ஊர்க் கதை கிடைச்சா எனக்கு அனுப்புங்க. விசாரிச்சுட்டுத்தான் போடுவேன்!

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா 🙏